சாலைக்கு அந்தப் பக்கத்துக் காடு

நெடுஞ்சாலை காட்டை இரண்டாகப் பிளந்த மறு வருடமே, சின்னத் துண்டு பெரிய துண்டை நோக்கி நகர ஆரம்பித்தது. வேரோடும் பறவைகளோடும், வருடத்துக்கு ஒரு முழம். விமானத்திலிருந்து எடுத்த படங்களை அடுக்கிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தவள் பல்கலைக்கழகத்தின் தற்காலிக ஆய்வாளர். படமும் கையுமாகவே திரிந்ததால் படக்காரி என்ற பெயர் அவளுக்கு நிலைத்துவிட்டது.

தாவரவியல்காரர்கள் தனி மரத்தைப் பற்றிக் கேட்டால் சொல்கிறோம் என்றார்கள். விலங்கியல்காரர்கள் விலங்கு நகர்ந்தால் வரச் சொன்னார்கள். புவியியல் பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "காட்டுக்குக் கால் முளைச்சிருக்காம்மா?" என்று கேட்டார்.

"எவ்வளவு காடு மிச்சம்னுதான் எல்லாரும் பாக்குறீங்க சார். எதுக்குப் பக்கத்துல எது இருக்கு, நடுவுல என்ன கிடக்குன்னு யாரும் பாக்கல."

அவர் சிரித்தார். அறையே சேர்ந்து சிரித்தது.

சாலைக்கு அடியில் ஒரு வழி வெட்டச் சொல்லி அவள் வருடக்கணக்கில் அலைந்தாள். வெட்டும் அதிகாரம் இருந்த பொறியாளர் அவளுடைய கணவர்தான். "உன் காடு ரோட்டைத் தொட்டா மெமோ எனக்குத்தான் வரும்" என்று சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டு, ஓரத்துக்கு வந்த மரங்களை ஆள் வைத்து வெட்டினார். முன்வரிசை விழுந்த இடத்துக்குப் பின்வரிசை வந்து நின்றது. அதையும் வெட்டினார்கள். "இனிமே எங்கிட்ட பேசாதீங்க" என்றாள் ஒரு நாள். சொன்ன சொல் தட்டாத மனிதர். அதன் பிறகு பேசவே இல்லை.

சின்னக் காடு தேய்ந்து நான்கு மரமானது. ஒரு கோடையில் அவையும் நகர்வதை நிறுத்திக்கொண்டன. அவள் போய் ஒன்றின் மேல் காதை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமில்லை.

அதற்கப்புறம்தான், எதற்குப் பக்கத்தில் எது இருக்கிறது என்று பார்க்கும் அந்த விஷயத்துக்கு நிலத்தோற்றச் சூழலியல் என்று பெயரும், பல்கலைக்கழகத்தில் தனித் துறையும் வந்தன. தலைவர் நாற்காலி மூக்குக்கண்ணாடிப் பேராசிரியருக்குப் போனது. சாலைக்கு அடியிலான வழியையும் அந்த வாரமே ரிப்பன் வெட்டித் திறந்தார்கள். ஒரு பக்கம் காடு, மறுபக்கம் நான்கு பட்டமரம்.

"ஆரம்பத்துலேர்ந்து நாம ரெண்டு பேரும்தானேம்மா சொல்லிட்டிருந்தோம்" என்றார் பேராசிரியர்.

"நீங்க சிரிச்சீங்க சார்."

அதற்கும் சிரித்தார். அவளுக்கு ஓர் உதவி விரிவுரையாளர் வேலை போட்டுக் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டாள்.

இப்போது பெரிய காடு சாலையை விட்டு விலகிப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. அவள் படங்களைக் காட்டுகிறாள். மாணவர்கள் குறித்துக்கொள்கிறார்கள். பரீட்சையில் அது இரண்டு மதிப்பெண் கேள்வி.