வெள்ளிமலை ஏறிய ஜாவா

“இந்த வண்டி எப்பிடிங்க செத்துச்சி?” கல்யாணமான புதிதில் ஜெபீனா தன் கணவனிடம் கேட்டாள்.

“வெள்ளிமலையிலேருந்து எறங்கிக்கினு இருந்தேன். எறக்கந்தானே, ஆக்சிலேட்டர மூடிட்டா பெட்ரோல் மிச்சம்னு நெனச்சேன். இதுக்கு ஆயிலு பெட்ரோலோட கலந்துதான் உள்ள போவணும். மூடிட்டா ஆயிலுக்கு எங்க போறது? பிஸ்டன் போயி சிலிண்டர கட்டிப்புடிச்சிக்கிச்சி,” என்றான் ஜுல்பிகர்.

“இந்த வூட்ல கட்டிப்புடிக்க அதுக்காச்சும் எடம் கெடச்சிதே.”

ஜுல்பிகர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பானர் நழுவி விழுந்தது.

அவள் சொன்னதில் பொய் இல்லை. கள்ளக்குறிச்சிக் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த வீட்டில் மாமியார் ரஜியாவும், ஜுல்பிகரின் அண்ணன் குடும்பமும், அண்ணனுடைய மளிகைக் கடைச் சரக்கும் இருந்தன. புதுத் தம்பதிக்கு ஒதுக்கிய அறையில் பாதிக்கு மிளகாய் மூட்டை. தும்மாமல் ஒரு வார்த்தை பேச முடியாது. கொல்லையில் இருந்த தகரக் கொட்டகையில்தான் இருவரும் மனம்விட்டுப் பேசினார்கள். பகலெல்லாம் ஜுல்பிகர் அண்ணன் கடையில் பொட்டலம் கட்டிவிட்டு, மாலையில் அங்கே உட்கார்ந்து அந்தப் பழைய ஜாவா மோட்டார் சைக்கிளைப் பிரித்துப் போடுவான். அவள் பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துக் கொடுப்பாள். அவனிடம் கேட்க அவளுக்கு ஒரு விஷயம் இருந்தது. கேட்டால் மாமியார் மனசு என்ன ஆகும் என்று யோசித்துத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தாள்.

எண்பத்தேழு செப்டம்பரில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் அவளுக்கு ஆசிரியை வேலை வந்தது. திங்கட்கிழமைக்குள் சேராவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அந்த வாரம் பார்த்து, இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கிவிட்டது. ரோட்டில் மரங்கள் சாய்ந்து கிடந்தன. ஒரு பஸ்ஸும் ஓடவில்லை.

“அல்லாவே வழிய அடச்சிட்டான். பேசாம வுட்டுடு,” என்றாள் ரஜியா.

ஜெபீனா நேரே கொட்டகைக்குப் போனாள். பின்னாலேயே வந்த ஜுல்பிகர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

சிலிண்டரை மறியலுக்கு முன்பே லேத் பட்டறையில் கடைந்து வாங்கியிருந்தான். புதுப் பிஸ்டனை இறக்கினான். பின்சக்கரத்தில் பல் ஜாஸ்தியான செயின் ஸ்ப்ராக்கெட்டை மாட்டினான். வேகம் கம்மியாகும், ஆனால் ஏற்றத்தில் இழுக்கும் என்றான். ஒரு பயம்தான் பாக்கி. புதுப் பிஸ்டன் முதலில் மெதுவாக ஓடிப் பழக வேண்டும். சூடேறினால் பழையபடி பிடித்துக்கொள்ளும். மலையேற்றம் அதற்கு எமன். அதனால் வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, கூடத்து டேபிள் ஃபேனை எதிரே வைத்து, ஓடவிட்டுக்கொண்டே இருந்தான். கொடியில் காய்ந்த துணியெல்லாம் புகை நாற்றம்.

தன் ஃபேனைத் திரும்பக் கேட்க வந்த ரஜியா இஞ்சின் பக்கம் கையை நீட்டிப் பார்த்தாள். “இன்னும் கொதிக்குதேடா,” என்று சொல்லிவிட்டு, ஃபேனை அங்கேயே விட்டு, கைவிசிறியால் வீசியபடி உள்ளே போனாள்.

திங்கள் விடிந்ததும் புறப்பட்டார்கள். கச்சிராயபாளையம் போகும் வழியில் பெரிய புளியமரம் ரோட்டை அடைத்துக் கிடந்தது. மறியலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். சின்னக்கண்ணு என்ற விவசாயி, இந்த நேரத்தில் எங்கே பயணம் என்று கேட்டார். ஜெபீனா இறங்கி, வேலையில் சேரப் போவதையும், இன்றுதான் கடைசி நாள் என்பதையும் சொன்னாள்.

அவர் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். “நாமளும் வேலைக்குத்தானே ரோட்ல குந்திக்கினு இருக்கோம். தூக்குங்கப்பா.”

ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை மரத்துக்கு அந்தப் பக்கம் இறக்கினார்கள். “ஜாவா என்னா கனம்ப்பா, நல்லவேள டீச்சரம்மாவாச்சும் நடந்து வராங்களே,” என்று ஒருவர் மூச்சு வாங்கினார். ஜெபீனாவே சிரித்துவிட்டாள்.

கோமுகி அணையைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்கியது. ஒரு வளைவில் இஞ்சின் சத்தம் இறுகியது. ஜுல்பிகர் சட்டென்று கிளட்சைப் பிடித்து நிறுத்தினான். இருவரும் பாறை மேல் உட்கார்ந்து ஆற வைத்தார்கள். “நான் நடந்து ஏறறேன், நீங்க காலி வண்டிய ஓட்டுங்க,” என்று அவள் முன்னால் நடந்தாள். செங்குத்தான இடங்களில் நடை, மற்ற இடங்களில் சவாரி. போகப் போகச் சத்தம் இளகி, தாளம் பிசகாமல் வந்தது. மலைமேல் கரியாலூர்க் குளிர்காற்று முகத்தில் அடித்தபோது, அவன் ஹாண்டில்பாரைத் தட்டிக்கொடுத்து, “அவ்ளோதான், ஏறிடிச்சி,” என்றான்.

தலைமையாசிரியர் அரங்கநாதன் நம்பவில்லை. கீழேயிருந்து நாலைந்து நாளாக ஒருவரும் வரவில்லையாம். வாசலுக்கு வந்து வண்டியைப் பார்த்த பிறகே வருகைப் பதிவேட்டை நீட்டினார்.

அவள் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தபோது, ஜுல்பிகர் யாருடையதோ ஒரு ராஜ்தூத் மோட்டார் சைக்கிள் மேல் குனிந்திருந்தான். சுற்றி ஆட்கள். மலையில் மெக்கானிக்கே கிடையாதாம். வண்டி நின்றால் லாரி பிடித்துக் கீழே கொண்டுபோக வேண்டுமாம். ராஜ்தூத் உறுமிக் கிளம்பியதும் கூட்டம் சிரித்தது. பொட்டலம் கட்டும்போது அவன் முகத்தில் அவள் பார்த்திராத வெளிச்சம் அது.

ஜெபீனா அருகில் போய், தன் முந்தானையால் அவன் கன்னத்துக் கரியைத் துடைத்தாள்.

“இன்னாங்க,” என்றாள். “நாம ரெண்டு பேரும் இங்கயே ஒரு வூடு பாத்துக்கினு, தனிக்குடித்தனம் வந்துடலாங்களா?”