மூணாம் கியர்

"முன்னாடி எடுன்னா பின்னாடி போறியே தாயே!"

"கியர் குமிழ்ல இருக்கற படத்தைப் பார்த்துத்தாங்க போட்டேன்."

"படம் பார்த்தா கார் ஓடிடுமா? கையில நளினம் வேணும். உனக்கு இதெல்லாம் சரிப்படாது. இறங்கு."

கல்யாணமான புதிதில், கணவர் அவளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது நடந்த பேச்சு. அவர் உயிராக வளர்த்த பழைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அன்று பின்னால் பாய்ந்து வாசல் தூணில் மோதியது. பார்த்துக்கொண்டிருந்த நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அன்றிலிருந்து அவள் 'ரிவர்ஸ் அண்ணி'. நல்லது கெட்டது எதற்குச் சொந்தபந்தம் கூடினாலும், அந்தப் பெயரைத் தொட்டுக்கொள்ளாமல் ஒருத்தருக்கும் சோறு இறங்காது. கணவர் சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டார். அவளும் கேட்கவில்லை. கேட்க நினைத்தபோதெல்லாம் விழுங்கினாள். விழுங்கியது செரிக்கவே இல்லை.

அவள் பிசியோதெரபிஸ்ட். மூட்டு தேய்ந்தவர்களை நடக்க வைப்பதுதான் வேலை. ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது அவர் கையைக் கவனித்தாள். முதல் கியர் இருக்கவேண்டியது இடது ஓரம். அவர் கையோ மூணாம் கியர் இருக்கவேண்டிய நடுவில் போய், ஒரு சுழற்று சுழற்றி, மேலே தள்ளியது. அவர் நளினம் என்கிறாரே, இது சுத்தமான நொண்டல்! கியர் ராடிலிருந்து கியர் பெட்டி வரைக்கும் நடுவே எங்கோ மூட்டு தேய்ந்திருக்கிறது. அன்று அவள் போட்டது சரியான இடத்தில்தான்; அந்த இடத்தில் காருக்கு ரிவர்ஸ் விழுந்திருக்கிறது. தப்பு காருடையது.

அவர் வெளியூர் போன நேரம் காரை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கீழே படுத்தாள். ராடு இருந்த இடத்தில் அடையாளம் போட்டுவிட்டுக் கழற்றினாள். மூட்டுகளில் இருந்த பழைய பிளாஸ்டிக் புஷ்கள் நமத்த பிஸ்கட் போல் உதிர்ந்தன. புதியதை வெந்நீரில் போட்டு இளக்கி, கட்டைவிரலால் அழுத்தி உட்கார வைத்து, கிரீஸ் தடவி, ராடைச் சரிபார்த்து முடுக்கினாள். ஒவ்வொரு கியரும் படத்தில் உள்ளபடியே 'டக்'கென்று விழுந்தது.

அவரிடம் சொல்லியிருக்கலாம். மூட்டு மாற்றியவர்கள் வலி போன பிறகும் பழையபடியே நொண்டுவார்கள் என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் சொல்லவில்லை. அதோடு நாத்தனாருக்குப் போன் போட்டாள்: "ஞாயித்துக்கிழமை வாம்மா, அண்ணன் உன்னைக் கார்ல கூட்டிட்டுப் போவாரு."

சனிக்கிழமை ராத்திரிதான் அவர் ஊர் திரும்பினார். ஞாயிறன்று நாத்தனார் ஜம்மென்று முன் சீட்டில் ஏறிக்கொண்டாள். "ரிவர்ஸ் அண்ணி, தள்ளி நில்லுங்க! தூண் பாவம்."

அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டினார். கை நடுவே போனது, சுழன்றது, மேலே தள்ளியது. மூணாம் கியர். கார் விக்கி, உதறி, அணைந்தது. மறுபடி எடுத்தார். மறுபடி உதறல். எதிர்வீட்டு ஜன்னலில் இரண்டு தலைகள் முளைத்தன.

"என்னண்ணா, கைக்கு நளினம் பத்தலையா?" நாத்தனாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"வண்டியில ஏதோ கோளாறு!" அவர் காது மடல் சிவந்துவிட்டது. அந்தச் சிவப்பை அவள் அவசரப்படாமல் ரசித்தாள். பிறகு அவர் பக்க ஜன்னலருகே வந்து உள்ளங்கையை விரித்தாள். உதிர்ந்த புஷ்கள்.

"கோளாறு இதோ இருக்குங்க. நானே மாத்திட்டேன். வண்டி குணமாயிடுச்சு, உங்க கைதான் இன்னும் நொண்டுது."

அவர் புஷ்ஷைப் பார்த்தார், குமிழின் படத்தைப் பார்த்தார், கடைசியாக வாசல் தூணைப் பார்த்தார். நாத்தனாரின் சிரிப்பு பாதியில் நின்றது.

அவள் கதவைத் திறந்து பிடித்தாள்.

"இறங்குங்க. நான் ஓட்டணும்."