கைப்பிடி இல்லாத கதவு

கார்க் கதவுக்குக் கைப்பிடி எதற்கு என்று தையல்காரியின் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் திடீரென்று ஞானம் பிறந்தது. காப்பீட்டு அலுவலகத்தில் கோப்பு தள்ளுகிற மனுஷன். எவனோ ஒருவன் தன் காரின் கைப்பிடி, சாவித் துவாரம், ஓரப் பட்டை எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கதவை முட்டை மாதிரி வழவழவென்று ஆக்கிய வீடியோவைப் போனில் பார்த்துவிட்டார். அன்றிலிருந்து ஆள் ஆளாக இல்லை.

"கைப்பிடி இல்லாம கதவை எப்படிங்க திறக்கிறது?" என்று கேட்டாள்.

"ரிமோட்டை அமுக்கினா டக்குன்னு திறக்கும். உனக்குச் சொன்னாப் புரியாது."

புரியவில்லைதான். நன்றாக இருக்கிற ஒன்றைக் கெடுப்பதற்காக லீவு போடுகிற வித்தை அவள் பிறந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

வாசல் பட்டறை ஆயிற்று. கைப்பிடிகளைக் கழற்றி பக்கெட்டில் போட்டார். ஓட்டைகளை அடைத்துப் பட்டி பூசினார். காய்ந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தார். பள்ளம் தெரிந்தது, மறுபடி பூசினார். மேடு தெரிந்தது, மறுபடி தேய்த்தார். வீடெல்லாம் பட்டித் தூள். பாத்திரத்தில் தூள், தலையணையில் தூள், தையல் மெஷினுக்கு எண்ணெய் விடுகிற துவாரத்தில்கூடத் தூள். போதாக்குறைக்குச் சமையலறை ஜன்னலில் இருந்த கம்பிக் கொசுவலை காணாமல் போயிற்று. கேட்டால், "துருப் பிடிச்சுக் கிடந்துச்சு, தூக்கிப் போட்டுட்டேன்" என்கிறார். அவள் தன் கையால் பச்சைப் பெயின்ட் அடித்த வலை! ராத்திரி பூரா கொசு பிடுங்கியது. ஆனால் சண்டை போட அவளுக்கு நேரமில்லை, கையில் ஒரு கல்யாண உடுப்பு இருந்தது.

வெள்ளை உடுப்பு. கழுத்திலிருந்து இடுப்பு வரை மணி வேலை. மணப்பெண் கொஞ்சம் பருமன். கடை கடையாக ஏறி இறங்கி, எதுவுமே பொருந்தாமல், அழுத கண்ணோடு வந்து நின்றவள். "அக்கா, உங்களை நம்பித்தான் இருக்கேன்" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அந்த ஒரு வார்த்தைக்காகத் தையல்காரி கண் பூத்துப்போகிற அளவுக்கு உட்கார்ந்து மணி கோத்தாள்.

கல்யாணத்தன்று காலையில் உடுப்பு முடிந்தது. தூள் படாத இடம் தேடினாள். பீரோவுக்குள்ளும் தூள். கடைசியில் பார்த்தால், கண்ணாடியெல்லாம் ஏற்றி மூடி வைத்திருந்த கார்தான் சுத்தமாக இருந்தது. பின் சீட்டில் உடுப்பைப் பச்சைக் குழந்தையைப் படுக்க வைப்பது போல விரித்துவிட்டுக் குளிக்கப் போனாள். சாயங்காலம் கல்யாணம். மதியத்துக்குள் கொண்டுபோய்ப் போட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அவள் குளித்துவிட்டு வந்தபோது வாசலில் ஸ்டிக்கர்காரர் நின்றிருந்தார். வீட்டுக்காரரோடு வேலை பார்க்கிறவர். தன் காரில் விரல் வைக்க இடமில்லாமல் ஸ்டிக்கர் ஒட்டியவர் என்பதால் அந்தப் பட்டம்.

வீட்டுக்காரர் ரிமோட்டை அமுக்கிக் காட்டினார். டக். கதவு திறந்தது. மூடினார். டக். மறுபடி திறந்தது.

"அடேயப்பா!" என்று ஸ்டிக்கர்காரர் கதவைத் தடவினார். "ஓட்டையை எப்படி அடைச்சீங்க? வெல்டிங்கா?"

"பின்னே? தகடு வெட்டி வச்சு, சுத்தி வெல்டிங். பட்டி சும்மா மேலாக்க ஒரு பூச்சு. இன்னொரு தடவை பாருங்க."

வெல்டிங் மெஷின் எப்போது இந்த வீட்டுக்கு வந்தது என்று அவள் யோசித்தாள்.

"என்னங்க, காட்டினது போதும். கிளம்பணும், திறங்க."

அவர் ரிமோட்டை அமுக்கினார். கதவுக்குள் ஏதோ முனகியது. இன்னொரு முறை அமுக்கினார். முனகலும் நின்றது.

"வண்டி பேட்டரி இறங்கிடுச்சு போல" என்றார், குரலும் கூடவே இறங்கியது.

"சாவி போட்டுத் திறங்க."

சாவித் துவாரத்தை அடைத்தாயிற்றே.

"பேட்டரிக்கு வேற வண்டியிலேர்ந்து கரன்ட் குடுங்க."

பானெட்டைத் திறக்கிற நெம்புகோல் காருக்குள் இருந்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில், உடுப்பு வெள்ளை வெளேரென்று கிடந்தது. அந்தப் பெண்ணிடம் போய் என்ன சொல்வாள்?

"கண்ணாடியை உடைச்சிரலாம், சிஸ்டர்" என்றார் ஸ்டிக்கர்காரர்.

"உடுப்பு விரிச்சுக் கிடக்கு, அண்ணா. மணிக்குள்ள கண்ணாடித் தூள் பூந்துச்சுன்னா அந்தப் பொண்ணு உடம்பெல்லாம் கீறிக்கிட்டு நிக்கும்."

"நாளைக்கு ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு..." என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"கல்யாணம் இன்னைக்குங்க!" என்று கத்தியேவிட்டாள். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கதவை ஓங்கித் தட்டினாள். டங் என்றது. கொஞ்சம் தள்ளி, முன்பு கைப்பிடி இருந்த இடத்தில் தட்டினாள். பொத் என்றது.

அவள் நின்றாள். மறுபடி தட்டினாள். பொத். ஒட்டுப் போட்ட துணியைத் தடவியே கண்டுபிடிக்கிறவளுக்கு இது போதாதா? உள்ளே போய்ப் பெரிய கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஐயோ, அங்க வேணாம்!" என்று வீட்டுக்காரர் குறுக்கே பாய்ந்தார்.

"அட விடுங்க" என்றார் ஸ்டிக்கர்காரர், கள்ளம் கபடமில்லாமல். "தகட்டைக் கத்தரிக்கோல் என்ன பண்ணிடும்? வெல்டிங் வேற."

வெல்டிங் என்று அளந்தாயிற்றே. வீட்டுக்காரர் ஒதுங்கி நின்றார்.

அவள் ஒரு குத்துத்தான் குத்தினாள். பட்டி பொலபொலவென்று உதிர்ந்தது. அதற்குப் பின்னால், மடித்துத் திணித்த கம்பி வலை, பச்சைப் பெயின்டோடு.

ஸ்டிக்கர்காரர் வானத்தைப் பார்த்துக்கொண்டு இருமினார்.

"துருப் பிடிச்சுப் போச்சுன்னீங்க" என்றாள்.

வலையை உருவிப் போட்டுவிட்டு, ஓட்டைக்குள் கையை விட்டுத் துழாவி, விரலில் தட்டுப்பட்ட பூட்டுக் கம்பியை இழுத்தாள். டக். கதவு திறந்தது. உடுப்பில் ஒரு தூசி இல்லை. அவளுக்கு உயிர் வந்தது.

"அண்ணா, உங்க வண்டியில கொண்டுபோய் விடறீங்களா?"

"வாங்க சிஸ்டர், வாங்க" என்று அவர் முன்னால் ஓடினார். உடுப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போனவள், முழங்கையால் ஸ்டிக்கர் காரின் கைப்பிடியை நெம்பிக் கதவைத் திறந்தாள்.

வீட்டுக்காரர் தன் கதவின் ஓட்டையை உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு நின்றார். "இப்படி ஓட்டையோட வெளியில எடுத்துட்டுப் போனா அசிங்கமா இருக்காதா?"

"இருக்கட்டும். இப்பவாவது திறக்குதில்ல" என்றாள். "நான் திரும்பி வரும்போது என் வலை ஜன்னல்ல இருக்கணும்."