பெயருக்கு நேரே

…இல்லை, வாட்ஸாப் மெசேஜ் போயிருக்காது, நெட் மக்கர் செய்திருக்கும் என்று பார்த்தால் இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன, இரண்டு பத்துக்கே படித்துவிட்டார், பதில் மட்டும் இல்லை. ‘அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சிருக்கும்னு நம்புறேன் சார்’ என்று நான் எழுதியிருக்கிறேன், இந்த பிஸ்கட் கம்பெனியின் மக்கள் தொடர்பு அதிகாரி, பத்திரிகைக்காரர்களைச் சமாளிப்பதில் புலி என்று பெயரெடுத்தவள், அம்மா செத்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு நிருபருக்கு. புலியாம் புலி. கம்ப்யூட்டரில் நிருபர்கள் பட்டியல் ஒழுங்காக இருக்கட்டுமே என்று பெயர்களை மட்டும் அகர வரிசைப்படுத்தினேன், பக்கத்தில் இருந்த குறிப்புகள் நகராமல் அப்படியே நின்றுவிட்டன, ஒவ்வொரு பெயருக்கும் நேரே வேறொருவர் வாழ்க்கை. பதினோரு நிருபர்கள். யாருக்கு எத்தனை மணிக்குள் செய்தி வேண்டும், யார் போனை எடுக்கமாட்டார், யார் மகள் என்ன படிக்கிறாள், யாருக்கு முதுகுவலி… ஆறு வருடமாக எறும்பு மாதிரி சேர்த்தது. கல்யாணமே ஆகாத பெண் நிருபரின் மகன் பரீட்சையை விசாரித்திருக்கிறேன், அவள் சிரிப்புப் பொம்மை ஒன்று அனுப்பியதோடு போயிற்று. இவர் சிரிக்கமாட்டாரே.

திட்டட்டும், வாங்கிக்கொள்கிறேன், ஆனால் அந்த வரிக்குக் கீழே அறிக்கை இருக்கிறதே, இரண்டாவது ஃபாக்டரியை மூடுகிறோம், இருநூற்று நாற்பது பேருக்கு வேலை போகிறது, நாளைக் காலை ஒன்பதுக்கு முன் தயவுசெய்து வெளியிட வேண்டாம். எட்டு மணிக்கு அவர்களை உட்காரவைத்து நேரில் சொல்வார்கள், அந்த ஒரு மணி நேரத்தை நான்தான் முதலாளியிடம் மன்றாடி வாங்கினேன். கோபத்தில் இவர் இப்போதே போட்டுவிட்டால்? தடுக்க என்ன இருக்கிறது, கையெழுத்தா, சத்தியமா, நம்பிக்கைதானே. அந்த இருநூற்று நாற்பதில் என் அக்கா வீட்டுக்காரரும் ஒருவர். பேக்கிங் பிரிவு, பதினேழு வருடம். காலையில் அக்கா கேட்டாள், “ஏண்டி, ஏதோ மூடப்போறாங்கன்னு மாமா பொலம்புறாரு, உனக்குத் தெரியாமலா இருக்கும்?” அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா என்றேன், வாய் கூசாமல். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கத்து சீட்டுக்காரன் போனில் மாமா அதைப் பார்த்தால்… அக்கா என் முகத்தில் முழிப்பாளா?

மூன்றாவது தடவையாகக் கூப்பிடுகிறேன், மணி அடிக்கிறது, எடுக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கவுண்ட்ஸ்காரர்கள் எதற்கோ விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. என்ன சொல்வது, பட்டியல் மாறிப்போச்சு சார் என்றா, உங்க அம்மா பக்கத்துக் கட்டத்துல இருந்தாங்க என்றா? அம்மா போன அன்றைக்கு அவரே கூப்பிட்டார், அரை மணி நேரம் பேசினார், அழுதார்கூட, அது நினைவிருக்கிறது, ஆனால் என்ன சொன்னார்? ஆஸ்பத்திரியா, வீட்டிலா, யார் பக்கத்தில் இருந்தார்கள்? பட்டியலைப் பழையபடி திருப்பி அவர் பெயருக்கு நேரே தேடினேன், மூன்றே சொல். ‘அம்மா இறப்பு. உணர்ச்சிவசப்படுபவர்.’ எழுதிவைத்துவிட்டோம் என்ற தைரியத்தில் நான் எதையுமே கேட்கவில்லையோ? ஐயோ, எடுத்துவிட்டார்.

“சார், ரொம்ப ரொம்ப மன்னிச்சிருங்க, அது வந்து…”

“மேடம், செய்தி ஒம்பது மணிக்குத்தான் வரும், பயப்படாதீங்க. அதுக்குத்தானே கூப்பிட்டீங்க?”

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன்.

“ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் பேசப் பேச அந்தப் பக்கம் டக் டக்னு ஒரு சத்தம். டைப் பண்ணிட்டு இருந்தீங்களா?”

ஒன்பது மணி, ஒன்பது மணிக்குத்தான், அப்பாடா என்று மூச்சு விட்ட பிறகுதான் கேள்வியே எனக்குள் இறங்கியது. குரலில் கோபம் இருந்திருந்தால் பிழைத்திருப்பேன். அவர் லைனில்தான் இருக்கிறார், காத்திருக்கிறார், இல்லை என்று சொல்ல வாயெடுக்கிறேன், எதிரே திரையில் அவர் பெயருக்கு நேரே ‘கோபம் இல்லை, வாக்கு மாறமாட்டார்’ என்று புதிதாக ஒரு வரி இருக்கிறது, இதை நான் எப்போது அடித்தேன், இந்தச் சத்தமும் அவருக்குக் கேட்டிருக்குமா…