மஹ்பூபி அக்காவின் கட்டைவிரல்

1

இந்தக் கதை ஒரு நன்றியுரையாகத்தான் பிறந்தது. முனைவர் பட்ட ஆய்வேட்டின் முன்பக்கத்தில் யார் யாருக்கோ நன்றி சொல்வார்களே, அது. வழிகாட்டிக்கு, அப்பா ஐசக்குக்கு, கர்த்தருக்கு எல்லாம் எழுதிவிட்டேன். மஹ்பூபி அக்காவின் பெயரை எழுதியதும் கை நின்றுவிட்டது. அந்த நன்றி ஒரு வரியில் அடங்காது. கூடவே என் தப்பு ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் கதையாக எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்: வேலூரில் ஓர் ஆய்வகத்தில், கோழிக்கருவின் இதயச் செல்களை வளர்க்கும் ஃபீபி என்னும் இளம்பெண்... (வேண்டாம். தூங்கிவிடுவீர்கள்.)

இரண்டாவது: எந்தச் செல்லும் அந்தரத்தில் வளர்வதில்லை. தன்னைச் சுற்றி நார்வலை ஒன்றைத் தானே பின்னிக்கொண்டு, அதைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்க்கிறது. வலையின் பதத்தைப் பொறுத்துத்தான் கருவில் அது தன் வேலையைக் கற்கிறது. பாடப்புத்தகம் இதைப் புறச்செல் அணி என்கிறது. தோல் பதனிடும் ஆம்பூர்க்காரர்களுக்கு இது புதிதல்ல. தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு, முடியும் செல்லும் போன பிறகு மிஞ்சுவது அந்த வலைதான். அதைத்தான் செருப்பாகப் போட்டு நடக்கிறோம்.

3

மஹ்பூபி அக்கா எங்கள் ஆய்வகத்தில் கண்ணாடிச் சாமான் கழுவுபவர். ஒப்பந்த வேலை. அதற்கு முன் ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் இருபது வருடம் தோல் ரகம் பிரித்தவர். [அவர் சிரிப்பை வர்ணித்து ஒரு பத்தி எழுதி அடித்துவிட்டேன். அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை.] எதைக் கண்டாலும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பது தோல் பிரிக்கும் மேசையில் நிற்பவர்களின் பழக்கம்.

என் செல்களோ மூன்றாம் நாளே துடிப்பை நிறுத்திக்கொண்டிருந்தன. பதினோரு முறை. கழுவப் போட்ட ஒவ்வொரு தட்டையும் பார்த்து, இதுவும் நின்றுவிட்டதா என்று அக்கா கேட்பார். ஒருநாள், செல்களுக்கு அந்த நார்வலைக்குப் பதிலாக நான் புது ஜெல் ஊற்றிவைத்திருந்த தட்டின் மூடியைத் திறந்து, வெறுங்கையால் அமுக்கிவிட்டார். கிருமி அண்டக் கூடாத தட்டு.

"இன்னாம்மா இது, ஷூவுக்கு அடியில போடுற சோல் கணக்கா இருக்கு. இத்துமேல எது அசையும்?"

காதில் வாங்கவில்லை. கத்தினேன். அது போதாதென்று புகார்க் கடிதமும் எழுதினேன். ஒப்பந்தக்காரர் மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்.

கடிதத்தைக் கோபத்தில் எழுதியதாகச் சொல்லி என்னைக் கொஞ்சம் நல்லவளாக்க... இல்லை. நிதானமாக, இரண்டு முறை படித்துத் திருத்தித்தான் அனுப்பினேன்.

4

ஒரு வாரம் கழித்து, வேறு வழியில்லாமல், ஜெல்லின் இறுக்கத்தை அளந்தேன். மாதக்கணக்கில் கலவையில் ஒரு பொருளை இரட்டிப்பாகச் சேர்த்துவந்திருக்கிறேன். கருவின் இதயத்துக்கு உரிய பதத்தைவிட அது பல மடங்கு கெட்டி. இளக்கினேன். நான்காம் நாளும் துடித்தன. ஐந்தாம் நாளும் துடித்தன. நுண்ணோக்கியிலிருந்து கண்ணை எடுக்காமல் அழுதேன். சந்தோஷம் பாதி, வெட்கம் பாதி.

5

முடிவு ஒன்று: அக்கா வேலைக்குத் திரும்பினார், எல்லாரும் இனிப்பு சாப்பிட்டோம். (எனக்கு வசதியான முடிவு.)

முடிவு இரண்டு: அவர் கதவையே திறக்கவில்லை. (என்னை நானே தண்டித்துக்கொள்ள எழுதியது. அதுவும் வசதிதான்.)

நடந்தது இது. புகாரைத் திரும்பப் பெற்று, அவரை மீண்டும் வேலைக்கு அழைக்கும் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியத்தை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். கதவைத் திறந்த அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். வா என்றுகூடச் சொல்லவில்லை.

"இன்னாம்மா, அடிச்சிக்குதா?"

"அடிச்சிக்குதுக்கா. ஒம்பது நாளா."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார், கண்ணை மூடி.

தன் வேலையைப் பறித்தவளின் செல்களுக்காக அவர் நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். என் வாக்கியம் மறந்துபோயிற்று. கடிதத்தை நீட்டினேன். வாங்கிப் படித்தார். அவர் சொன்ன பதில் என்னிடம் இருக்கிறது; எழுத மாட்டேன். எழுதினால் என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை அதை வைத்தே நீங்கள் முடிவு செய்துவிடுவீர்கள். அவர் இடத்தில் நீங்கள் என்றால் திரும்பி வருவீர்களா? உங்கள் பதிலை இங்கே எழுதிக்கொள்ளுங்கள்: