தங்க முனைக் கேபிள்

புது டிவி வந்த நாளிலிருந்து பேருந்து ஓட்டுநருக்கு ஒரே புலம்பல். "படம் மங்கலா இருக்கு. கூடக் குடுத்த கேபிள் மட்டம்."

மனைவிக்குப் படம் நன்றாகத்தான் தெரிந்தது. சொன்னால் சண்டை வரும் என்று வாயை மூடிக்கொண்டாள்.

விடுமுறையன்று இருவரும் கடைக்குப் போனார்கள். முனைகளில் தங்கம் பூசிய, இருப்பதிலேயே விலை கூடிய கேபிளை அவர் எடுத்தார். விற்கிற பெண் தயங்கினாள்.

"அண்ணா, இது தண்டச் செலவு. டிஜிட்டல் கேபிள் கெட்டா படம் விட்டுவிட்டு வரும், இல்லன்னா மொத்தமா போயிடும். மங்கலா மட்டும் தெரியாது."

"விக்கிற உனக்கு என்னம்மா வலி? பில்லைப் போடு."

மனைவிக்கு அவர் படியில் இடறியதும், டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன.

வீட்டில் கேபிளை மாட்டிவிட்டுச் சோபாவில் சாய்ந்தார். "பாத்தியா, பளிச்சுனு இருக்கு!"

"கீழ ஓடுற செய்தியப் படிங்க."

"அவ்ளோ பொடி எழுத்த எவன் படிப்பான்?"

"எனக்குத் தெரியுதே. என்னங்க, நாளைக்கு உங்கள நம்பி ஒரு வண்டி சனம் ஏறும்."

"வாய மூடுடி!" என்று கத்தினார். அடுத்த வார்த்தை வரும்போது குரல் உடைந்திருந்தது. "ஓரத்துல வர்ற வண்டி, கிட்ட வந்தப்புறம்தான் தெரியுது. ரொம்ப நாளாவே. வெளிய சொன்னா வேலை போயிடும். ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். இருவரும் டிவியைப் பார்க்கவில்லை.

மறுநாள் அவர் வண்டி எடுக்காமல், மனைவியோடு கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். கண் நரம்பு பழுதாகிவிட்டது, போன பார்வை திரும்பாது, சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். அங்கிருந்து நேரே பணிமனைக்குப் போய், "இனிமே என்னால ஓட்ட முடியாது சார்" என்று மேலாளரிடம் அவரே சொன்னார். வேறு வேலை இருக்கிறதா என்று பார்ப்பதாக மேலாளர் சொன்னார். உறுதியாக எதுவும் சொல்லவில்லை.

பேருந்தில்தான் வீடு திரும்பினார்கள். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் வலது கால், ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் முன்னால் தரையை அழுத்தியது. அவள் அந்த முழங்கால்மேல் கை வைத்தாள். கால் நிற்கவில்லை.