ஷெட்டுக்கு வந்த கரண்ட்

தையற்காரர் தன் கொல்லைப்புற ஷெட்டின் வாசலில் நின்று, பக்கத்து வீட்டு கேட்டை நோக்கி விரலை நீட்டினார்.

"லைட்டை இங்க மாட்டும்மா. வெளிச்சம் நேரா அந்த கேட்டு மேல விழணும். ஆள் அசைஞ்சா எரியணும்."

"அங்க யாரு இருக்கா?" என்றாள் எலக்ட்ரீஷியன், பையை இறக்கிவைத்தபடி.

"ஏணித் திருடன்!"

திருடன் வேறு யாருமில்லை. பத்து வருடமாக மாலைதோறும் இதே ஷெட்டில் அவரோடு செஸ் ஆடிய டிரைவர்தான். இரண்டு வாரத்துக்கு முன் தையற்காரரின் ஏணி காணாமல் போனது. டிரைவர் வீட்டில் அப்போது வெள்ளையடிக்கும் வேலை. அவ்வளவுதான், தையற்காரர் தீர்ப்பே எழுதிவிட்டார். ஒரு வார்த்தை கேட்கவில்லை, மூஞ்சியைத் திருப்பிக்கொண்டார். வெளியே வீறாப்பாக இருந்தாலும், ஆட்டம் இல்லாத மாலைகள் மனுஷனுக்கு உப்புச்சப்பில்லாமல்தான் போயின.

எலக்ட்ரீஷியன் வீட்டு மெயினை அணைத்துவிட்டு வந்தாள். ஷெட்டின் சுவிட்ச் போர்டைக் கழற்றி டெஸ்டரை வைத்தாள். அது பளிச்சென்று எரிந்தது.

"மெயினை அணைச்சும் இங்க கரண்ட் இருக்கு! டெஸ்டர் வைக்காம கை வச்சிருந்தா என் கதை முடிஞ்சிருக்கும். இந்த லைன் எங்கிருந்து வருது?"

"பழைய வீட்டுக்காரர் இழுத்தது. டிரைவர் வீட்டைப் பூட்டிட்டு ஊருக்குப் போறப்பல்லாம் கரண்டும் போயிடும். சிநேகிதன் இல்லாத ஏக்கம் அதுக்கும் இருக்குபோலன்னு சிரிப்பேன்."

அவள் சிரிக்கவில்லை. வயரைப் பின்தொடர்ந்து மதில் வரை போனாள்.

"டிரைவரண்ணே, உங்க மெயினைக் கொஞ்சம் அணைங்க!"

திரும்பி வந்து போர்டில் மறுபடி டெஸ்டரை வைத்தாள். இப்போது எரியவில்லை.

"ரெண்டு வீடும் ஒருத்தர்கிட்ட இருந்தப்ப இழுத்த லைன் இது. யாரும் பிரிக்கல" என்று எட்டிப் பார்த்த டிரைவரிடம் விளக்கினாள். "இவரோட தையல் மிஷின், இஸ்திரிப் பெட்டி எல்லாம் உங்க கரண்ட்லதான் ஓடுது."

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடப்பாவி! பில்லு எகிறுதேன்னு மாமியாரோட ஹீட்டரைக் கழட்டிப் பரண்ல போட்டேனே! பாவம், பச்சைத் தண்ணியில குளிக்கிறாங்க!"

"அதை இன்னைக்கே மாட்டணும், மாப்பிள்ளை!" என்று உள்ளிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது.

தையற்காரருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "திருடன் நான்தான்யா. உன்னைப் பிடிக்கத்தான் லைட் மாட்டச் சொன்னேன். அந்த ஏணி..."

"ஏணியா? உன் மச்சான்தானே தோள்ல தூக்கிட்டுப் போனாரு! அப்ப உன் வீட்ல யாரும் இல்ல, உன் கேட்டைத் திறந்துவிட்டதே நான்தான். கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே!"

மாலைக்குள் ஷெட்டுக்குத் தனி லைன் வந்தது, எர்த்தும் போட்டாயிற்று.

"லைட்டை எந்தப் பக்கம் திருப்பட்டும்?" என்றாள் எலக்ட்ரீஷியன்.

"செஸ் பலகை மேல."

ஆள் அசைந்தால் எரியும் லைட் அல்லவா? இருவரும் காயை வெறித்துக்கொண்டு உட்கார, பொசுக்கென்று அணைந்தது. இருவரும் ஒரே நேரத்தில் கையை ஆட்டிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்கள். தையற்காரருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"அடுத்தவன் வாசல்ல வெளிச்சம் அடிக்கிறதுக்கு முன்னாடி, நம்ம வயர் எங்கிருந்து வருதுன்னு பார்த்திருக்கணும்யா" என்றார். "சந்தேகம் வந்தா நேர்ல கேட்டுடணும். கேட்காம தீர்ப்பு எழுதினா, போறது ஏணி இல்ல, மனுஷன்."